தீச்சுவரைப் பொருத்திய கதை

திண்டுக்கல் பூட்டைப் பற்றி நம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் பூட்டுக் கடைக்காரர் விற்பது பூட்டை மட்டுமே என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். அதைக் கதவில் பொருத்துகிறவர் தச்சர். நாதாங்கியின் திருகு வெளிப்பக்கம் தெரியும்படி அமைந்துவிட்டால், திருடன் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. ஒரு திருப்புளி போதும். பூட்டு பூட்டியபடியே இருக்கும், கதவு திறந்துவிடும்.

கணினிகளுக்கும் இத்தகைய பூட்டு ஒன்று உண்டு. அதற்கு ஃபயர்வால் என்று பெயர். தமிழில் தீச்சுவர், தீயரண் என்றெல்லாம் வழங்குகிறார்கள். இதில் வியப்பான செய்தி என்னவென்றால், உலகின் மிகச் சிறந்த தீச்சுவர் மென்பொருள்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். அப்படியிருந்தும் பல ஆண்டுகள் அவை வல்லுநர்களின் கையைவிட்டு வெளியே வரவில்லை. பூட்டு இலவசம்தான், பொருத்தத் தச்சர் கிடைக்கவில்லை. அந்தத் தச்சு வேலை எப்படி ஒவ்வொரு படியாக எளிதாயிற்று என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம். அகரம் போன்ற ஒரு பேரூரில் உள்ள பள்ளிக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், சிறு மருத்துவமனைக்கும் இந்த வரலாறு மிக நெருக்கமானது. விலை கொடுத்துக் காவல் வாங்க இயலாதவர்கள் அவர்களே.

கோட்டை வாயிலில் ஒரு காவலன்

தீச்சுவர் என்ற சொல் கட்டடக் கலையிலிருந்து வந்தது. வரிசையாக உள்ள வீடுகளில் ஒன்று தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுக்கும் கனமான சுவர் அது. ஆனால் கணினித் தீச்சுவர் வெறும் சுவர் அன்று. சுவர் எதையும் விடாது. இதுவோ சிலவற்றை விடவும் வேண்டும், சிலவற்றைத் தடுக்கவும் வேண்டும். ஆகவே நம் திண்டுக்கல் மலைக்கோட்டையை நினைத்துக்கொள்வது பொருத்தம். பாறையின் செங்குத்துப் பக்கங்களில் எவரும் ஏற முடியாது. படிவழியாக வருகிறவர் வாயிலில் காவலனைச் சந்தித்தே ஆகவேண்டும். காவலன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது.

இணையத்தில் செல்லும் செய்தி எதுவும் முழுதாகச் செல்வதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, வாயில் எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். வாயில் எண் என்பது 0 முதல் 65,535 வரை உள்ள ஓர் எண். இணையப் பக்கங்களுக்கு 80, 443. அஞ்சல் பரிமாற்றத்துக்கு 25. இவ்வாறு வழக்கங்கள் உண்டு. தீச்சுவர் இந்த மேலுறையைப் படித்து, தன் விதிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொட்டலத்தை உள்ளே விடும்; அல்லது கீழே போட்டுவிடும். அடிப்படை இவ்வளவுதான். பிற்காலத் தீச்சுவர்கள், உள்ளிருந்து புறப்பட்ட உரையாடல்களை நினைவில் வைத்துக்கொண்டு, அவற்றின் மறுமொழிகளை மட்டும் உள்ளே விடவும் கற்றுக்கொண்டன.

இத்தகைய காவல் தேவை என்பதை உலகம் ஒரே இரவில் உணர்ந்தது. 1988 நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் தானே பரவியது. அன்றைய மதிப்பீட்டின்படி சுமார் 6,000 கணினிகள் முடங்கின. அப்போது இணையத்தில் இருந்தவையே ஏறத்தாழ 60,000 கணினிகள்தாம் என்றும் கணக்கிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பொட்டலங்களை வடிகட்டும் முறைகள் உருவாயின. 1993இல் டி.ஐ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் மார்கஸ் ரானம் உருவாக்கிய தீச்சுவர்க் கருவித் தொகுப்பை மூல நிரலோடு வெளியிட்டது. அதைப் பெற்றவர் தாமே தொகுத்து, தம் இயந்திரத்துக்கு ஏற்பத் திருத்தி, இயக்கவேண்டும். தச்சருக்கு மரமும் உளியும் தரப்பட்டன என்று சொல்லலாம், கதவு தரப்படவில்லை.

கெர்னலைச் சமைத்த காலம்

1994இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் பொட்டல வடிகட்டி நுழைந்தது. பி.எஸ்.டி. யூனிக்சில் இருந்த ஒன்றை ஆலன் காக்ஸ் எடுத்து வந்து சேர்த்தார். அதை ஆள்வதற்கு யோஸ் வோஸ் என்பவர் ஐ.பி.எஃப்.டபிள்யூ.அட்மின் என்ற கருவியை எழுதினார். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் அதைத் தொடங்கியது. 1990களின் பிற்பகுதியில் பி.சி.குவெஸ்ட் இதழோடு இணைத்துத் தரப்பட்ட லினக்ஸ் குறுந்தகடுகள்தாம் சிற்றூர்களுக்கு அந்த இயங்குதளத்தைக் கொண்டுவந்து சேர்த்தன.

அந்நாளில் ஒரு தீச்சுவரை நிறுவுவது எப்படி இருந்தது? முதலில் ஒரு கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகவேண்டும். ஒன்று வெளியுலகை நோக்கியது, மற்றொன்று உள்ளே இருக்கும் கணினிகளை நோக்கியது. இரண்டு கார்டுகளும் மையச் செயலியை அழைக்க ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் மோதிக்கொள்ளும். ஆகவே கார்டின் மேல் உள்ள சிறு உலோக இணைப்பிகளை இடுக்கியால் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டவேண்டும். பிறகு கெர்னலின் மூல நிரலைத் திறந்து, தீச்சுவர் வசதி வேண்டும் என்று குறித்து, முழுவதையும் மீண்டும் தொகுக்கவேண்டும். பழைய 486 இயந்திரத்தில் இது மணிக்கணக்கில் ஓடும். ஓடி முடித்து, ஒரு குறிப்பு விட்டுப்போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் விதிகளை எழுதும் வேலை வரும். அதை எழுதப் பழகியவர்களுக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸல் முன்னின்று எழுதிய ஐ.பி.செயின்ஸ், 1999 ஜனவரியில் வெளிவந்த 2.2 கெர்னலோடு வந்தது. 2001 ஜனவரியில் 2.4 கெர்னல் வந்தபோது அதே ரஸ்டி ரஸலின் நெட்ஃபில்டர் திட்டத்திலிருந்து ஐ.பி.டேபிள்ஸ் வந்தது. உள்ளமைப்பு ஒவ்வொரு முறையும் மேம்பட்டது உண்மை. ஆனால் கட்டளைகளும் ஒவ்வொரு முறையும் மாறின. 2014 ஜனவரியில் 3.13 கெர்னலுடன் என்.எஃப்.டேபிள்ஸ் என்ற நான்காவது தலைமுறையும் வந்து சேர்ந்தது. பூட்டு செய்கிறவர் சாவியைத் திருப்பும் திசையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்?

விதிகளின் வரிசையும் ஒரு பொறி. ஐ.பி.டேபிள்சில் பட்டியலை மேலிருந்து படிக்கும்போது முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. "எல்லாவற்றையும் விடு" என்பது முதல் வரியாகவும், "445ஆம் வாயிலுக்கு வருவதைத் தடு" என்பது இரண்டாம் வரியாகவும் இருந்தால், இரண்டாவது விதி ஒருநாளும் வேலை செய்யாது. ஓபன்பி.எஸ்.டி. இயங்குதளத்தின் பி.எஃப். என்ற தீச்சுவரிலோ வழக்கம் நேர்மாறு. கடைசியாகப் பொருந்தும் விதியே வெல்லும். அதே இரு வரிகள் அங்கே சரியாக வேலை செய்யும். இரண்டும் முறையானவையே. ஆனால் ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் எழுதினால், திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வாயில் மட்டும் திறந்தே கிடக்கும்.

பி.எஃப். பிறந்த கதையையும் இங்கே சொல்லிவிடலாம். ஓபன்பி.எஸ்.டி.யில் முதலில் டேரன் ரீட் எழுதிய ஐ.பி.ஃபில்டர் என்ற தீச்சுவர் இருந்தது. அதன் மூல நிரல் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் தம் அனுமதியின்றித் திருத்தி வெளியிடக்கூடாது என்று 2001 மே மாதம் அவர் உரிமத்தைத் தெளிவுபடுத்தினார். உடனே ஓபன்பி.எஸ்.டி. குழு அதை வெளியே எடுத்துவிட்டது. வெற்றிடமாகிப்போன இடத்தில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டேனியல் ஹார்ட்மயர் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பில் பி.எஃப். இடம்பெற்றது. கண்ணால் பார்க்க அனுமதிப்பதும், கைவைத்துத் திருத்த அனுமதிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு மாணவர்கள் இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பி.எஃப். விதிகள் ஓரளவு ஆங்கில வாக்கியம் போலவே அமைந்தன. படித்துப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க முடிந்தது. நிறுவலை எளிதாக்குவதில் இதுவும் ஒரு பெரிய படி.

ஒரு ஃபிளாப்பியும் மூன்று வண்ணங்களும்

கெர்னலைச் சமைக்கும் தொல்லையிலிருந்து மக்களை விடுவித்தவர்கள், முன்கூட்டியே சமைத்துப் பொட்டலம் கட்டிக்கொடுத்தவர்கள். 1990களின் இறுதியில் லினக்ஸ் ரவுட்டர் ப்ராஜெக்ட் முதலிய திட்டங்கள், முழுத் தீச்சுவரையும் 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் அடக்கின. ஹார்டு டிஸ்க் தேவையில்லை. ஃபிளாப்பியின் மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழைத் தள்ளிவிட்டால் அதில் எவரும் எழுத முடியாது. உள்ளே நுழைந்தவன் நினைவகத்தில் என்ன மாற்றம் செய்திருந்தாலும், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் அது மறைந்துவிடும். பழைய தூய நிலை திரும்பிவிடும். காந்தப் பரப்பைக் காத்து நின்ற அந்தச் சிறு தாழ் எனக்கு மிகவும் பிடித்த பாதுகாப்புக் கருவி. மென்பொருளால் அதைத் திறக்க முடியாது, விரல் வேண்டும்.

2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சர்ட் மோரல், லாரன்ஸ் மேனிங் ஆகியோர் ஸ்மூத்வாலை வெளியிட்டார்கள். பழைய கணினியில் குறுந்தகட்டைப் போட்டு, சில கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும். அந்தக் கணினி தீச்சுவராகிவிடும். பிறகு திரையும் விசைப்பலகையும் வேண்டாம். பக்கத்துக் கணினியின் இணைய உலாவியிலிருந்தே அதை ஆளலாம். இதில் அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம், வண்ணங்களைப் பயன்படுத்தியது. வெளியுலகை நோக்கிய கார்டு சிவப்பு. உள்ளே நம் கணினிகளை நோக்கியது பச்சை. வெளியார் வந்து பார்க்கவேண்டிய சர்வர்களுக்கு ஆரஞ்சு. 2001இன் பிற்பகுதியில் இதிலிருந்து பிரிந்த ஐ.பி.காப் திட்டம் கம்பியில்லா இணைப்புக்கு நீலத்தையும் சேர்த்தது. பக்கம் பக்கமாகக் கையேடு படித்தும் புரியாத ஒன்று, சிவப்பிலிருந்து பச்சைக்கு எதுவும் தானாக வரக்கூடாது என்ற ஒரே வாக்கியத்தில் விளங்கிவிட்டது.

எந்தக் கார்டு எது?

இங்கே ஒரு சிறிய சிக்கல் இன்னும் தீரவில்லை. கணினியின் பின்புறத்தில் ஒரே மாதிரியான இரண்டு துளைகள் இருக்கின்றன. மென்பொருளோ அவற்றை ஏதோ ஒரு குறியீட்டுப் பெயரால் அழைக்கிறது. திரையில் உள்ள பெயருக்கும் முதுகில் உள்ள துளைக்கும் என்ன தொடர்பு? நிறுவுகிறவர் இதை மாற்றிப் போட்டுவிட்டால், காவலன் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பான்.

இதற்கு அழகான விடை ஒன்று சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. மானுவல் காஸ்பர் என்ற இளைஞர் 2003 பிப்ரவரியில் மோனோவால் என்ற தீச்சுவரின் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டார். பெயரில் ஆங்கில 'ஓ' எழுத்துக்குப் பதில் சுழியம் போட்டு எழுதுவது அவருடைய விளையாட்டு. சரியாக ஓராண்டு கழித்து 1.0 பதிப்பு வந்தது. நிறுவும்போது அது உங்களைப் பெயர் கேட்டுத் தொல்லைப்படுத்தாது. "எல்லாக் கம்பிகளையும் கழற்று, இப்போது உள்பக்கக் கம்பியை மட்டும் செருகு, பிறகு என்டரை அழுத்து" என்னும். எந்தக் கார்டில் புதிதாக இணைப்பு உயிர்பெற்றது என்று பார்த்து, அதுவே உள்பக்கம் என்று தானே எழுதிக்கொள்ளும்.

இது எப்படி இயலும்? செய்தி எதுவும் போகாத வேளையிலும் ஈதர்நெட் கார்டுகள் ஒன்றையொன்று மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் செல்லும் முறுக்குக் கம்பி முறையில், சுமார் 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு மின்துடிப்பு செல்லும். மறுமுனையிலிருந்து துடிப்பு வந்தால் இணைப்பு உயிரோடிருக்கிறது என்று பொருள். கார்டின் மேல் உள்ள சிறு பச்சை விளக்கும் எரியும். வேகமான பிற்காலக் கார்டுகளில் இந்தத் துடிப்புகள் கொத்துக்கொத்தாக வந்து, வேகத்தைப் பற்றியும் பேரம் பேசிக்கொள்ளும். மோனோவால் செய்ததெல்லாம், அந்தப் பச்சை விளக்கை மனிதனுக்குப் பதிலாகத் தானே கவனித்ததுதான். ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி விளைவைப் பார்க்கச் சொல்கிறோம் அல்லவா? அதே முறை.

அவர் செய்த இன்னொரு காரியமும் உண்டு. யூனிக்சில் அமைப்புகள் பல கோப்புகளில் சிதறிக் கிடப்பது வழக்கம். காஸ்பர் அவை அனைத்தையும் ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பில் வைத்தார். அந்த ஒரு கோப்பை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். இயந்திரம் எரிந்துபோனாலும் வேறொன்றில் மீண்டும் நிறுவி, கோப்பை ஏற்றிச் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் ஊர்களில் இதன் அருமை தெரியும். தீச்சுவர் நிறுவல் வரலாற்றில் திருப்புமுனை எது என்று கேட்டால் நான் மோனோவாலையே சொல்வேன். பின்னால் வந்த புகழ்பெற்ற திட்டங்கள் அதன் தோளில் நிற்பவை.

2004இல் கிறிஸ் பியூக்லர், ஸ்காட் உல்ரிக் ஆகியோர் மோனோவாலிலிருந்து பிரிந்து பி.எஃப்.சென்ஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் 1.0 பதிப்பு 2006 அக்டோபரில் வந்தது. முதல்முறை உலாவியில் திறந்ததும், கணினியின் பெயர், நேர மண்டலம், வெளி இணைப்பின் வகை, கடவுச்சொல் என ஒவ்வொன்றாகக் கேட்டு வழிநடத்தும் முறை அதில் அமைந்தது. 2015 ஜனவரியில் நெதர்லாந்தின் டெசிஸோ நிறுவனம் பி.எஃப்.சென்சிலிருந்து பிரிந்து ஓபன்சென்சை வெளியிட்டது. அடுத்த மாதமே காஸ்பர், மோனோவாலை முடித்துக்கொள்வதாக அறிவித்து, தம் பயனர்களை ஓபன்சென்சைப் பார்க்கச் சொன்னார். ஓபன்சென்சை வட்டில் பதியாமலே யு.எஸ்.பி.யிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால் பிறகு நிறுவலாம். சட்டையைப் போட்டுப் பார்த்து வாங்குவது போன்ற வசதி இது.

எட்டரை நொடியில் இரட்டிப்பு

நிறுவுவது எளிதாக வேண்டும் என்பது சோம்பேறிகளின் ஆசை என்று எண்ணும் வல்லுநர்கள் உண்டு. 2003ஆம் ஆண்டு அவர்களுக்குச் சரியான விடை சொன்னது. அந்த ஆண்டு ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு நிரல் வெளிப்பட்டது. அதன் மொத்த நீளம் 376 பைட். 1434ஆம் வாயில் வழியே ஒரே பொட்டலமாக நுழையும். தொடக்கத்தில் அதன் எண்ணிக்கை 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டித்தது. குறைந்தது 75,000 கணினிகள் அதற்கு இரையாயின. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால், 17 இரட்டிப்புக்குள் 75,000ஐத் தாண்டிவிடும். அதற்கு ஆகும் நேரம் இரண்டரை நிமிடம்கூட இல்லை. உண்மையில் இணையக் கம்பிகளே நிரம்பித் திணறியதால் வேகம் குறைந்தது. என்றாலும் இலக்காகக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பது பங்கு பத்து நிமிடத்துக்குள் வீழ்ந்தன. மனிதன் எழுந்து வந்து விதி எழுதும் வேகம் இங்கே எதற்கும் உதவாது. காவல் முன்கூட்டியே நின்றிருக்கவேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்தது. புதிதாக விண்டோஸ் எக்ஸ்.பி. நிறுவிய கணினியை, அதன் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை இறக்கிக்கொள்ள இணையத்தில் இணைப்பார்கள். திருத்தம் வந்து சேரும் முன்னே புழு வந்து சேர்ந்துவிடும்! எக்ஸ்.பி.க்குள் 2001லேயே ஒரு தீச்சுவர் இருக்கத்தான் செய்தது. ஆனால் நிறுவும்போது அது அணைக்கப்பட்ட நிலையிலேயே இருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பில்தான் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகவே இயங்கும்படி வைத்தது. பூட்டு வீட்டுக்குள்ளேயே மூன்றாண்டு கிடந்தது. மாட்டிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வல்லுநர்களே நிறுவியவை எப்படி இருந்தன? இஸ்ரேலிய ஆய்வாளர் அவிஷாய் வூல், நிறுவனங்களில் இயங்கிக்கொண்டிருந்த 37 தீச்சுவர்களின் விதிப் பட்டியல்களை ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலானவற்றில் அடிப்படையான பிழைகளே இருந்தன. விதிகளின் சிக்கல் கூடக்கூடப் பிழைகளும் கூடின. இவை சம்பளம் வாங்கும் வல்லுநர்கள் அமைத்த தீச்சுவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு வகைப் பிழை தன்னைத் தானே வெளியே பூட்டிக்கொள்வது. தொலைவிலிருந்து ஒரு தீச்சுவரைத் திருத்துகிறவர், எல்லாவற்றையும் தடுக்கும் விதியை முதலில் போட்டு என்டரை அழுத்திவிட்டால், அவருடைய இணைப்பும் அதோடு அறுந்துவிடும். பிறகு பேருந்து பிடித்துப் போய் நேரில்தான் சரிசெய்யவேண்டும். இதற்கும் பின்னாளில் மருந்து கண்டார்கள். ஐ.பி.டேபிள்ஸ்-அப்ளை போன்ற கருவிகள் புதிய விதியை நடைமுறைப்படுத்திவிட்டு, "இன்னும் என் குரல் கேட்கிறதா?" என்று கேட்கும். குறிப்பிட்ட நொடிகளுக்குள் விடை வராவிட்டால் பழைய விதிக்கே திரும்பிவிடும். வீட்டு ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யூ.ஆர்.டி. மென்பொருளிலும் இந்த ஏற்பாடு பின்னர் வந்தது.

நிறுவலை எளிதாக்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. எல்லா இயந்திரத்துக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் நிறுவுவது மிக எளிது. நுழைவதும் மிக எளிது. 2016இல் மிராய் என்ற நிரல், சுமார் 60 தொடக்கக் கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதே ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்த ஒருவர், நிறுவல் வட்டின் பிரதிக்குப் பதிலாகக் கள்ளப் பிரதியை இறக்கும்படி இணைப்பை மாற்றிவிட்டார். இறக்கிய கோப்பின் கைரேகை எண்ணைத் திட்டத்தார் அறிவித்த எண்ணோடு ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான். இந்த ஒரு படியை எளிதாக்குகிறேன் என்று எவரும் நீக்கிவிடக்கூடாது.

நம் மொழியில் ஒரு நிறுவல் திரை

தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்த கதையில் எல்காட் நிறுவனத்துக்கு இடம் உண்டு. 2006, 2007ஆம் ஆண்டுகளில் உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அங்கே கணினிகள் சூசே லினக்சுக்கு மாற்றப்பட்டன. 2007இல் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சை இந்திய மொழிகளில் இயங்கும்படி வெளியிட்டது. இவற்றின் கெர்னலுக்குள் நாம் மேலே பார்த்த நெட்ஃபில்டர் தீச்சுவர் இருக்கத்தான் செய்தது.

அதே 2007 ஏப்ரல் 8 அன்று வந்த டெபியனின் எட்ச் பதிப்பு நமக்குத் தனிச் சிறப்புடையது. அதுவரை டெபியனை நிறுவும் திரை வெறும் எழுத்துக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு அது போதும். 'கொ' என்று எழுத ஒற்றைக் கொம்பும் ககரமும் காலும் ஒன்றுசேரவேண்டும். கட்டத்துக்குள் அது அடங்காது. எட்ச் பதிப்பில்தான் படமுறைத் திரையோடு நிறுவும் நிரல் வந்தது. அதனால் தமிழ் முதலிய இந்திய எழுத்துகளைச் சரியாகக் காட்ட முடிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் நிறுவலாம் என்று அன்று அறிவித்தார்கள். தன்னார்வலர்கள் வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்கிக் கொடுத்த வேலை அது. "இந்த வட்டை அழிக்கட்டுமா?" என்ற கேள்வியைத் தாய்மொழியில் படித்துவிட்டு 'ஆம்' என்று அழுத்துகிறவனுக்கும், புரியாமல் அழுத்துகிறவனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டுமா?

2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 பதிப்பில் யு.எஃப்.டபிள்யூ. என்ற சிறு கருவி வந்தது. சிக்கலற்ற தீச்சுவர் என்பது அதன் பெயரின் பொருள். இயக்குவதற்கு ஒரே ஒரு கட்டளை. அதை இட்டதும், வெளியிலிருந்து தானாக வருவது எல்லாம் தடுக்கப்படும். உள்ளிருந்து போவது விடப்படும். ஐ.பி.டேபிள்ஸ் விதிகளை அதுவே எழுதிக்கொள்கிறது. மாணவர்கள் தங்கள் மடிக்கணினியில் இன்றே முயன்று பார்க்கக்கூடியது இது.

இன்னும் தீராதவை சில உண்டு. மேசைக் கணினிகளில் மலிவாகக் கிடைக்கும் சில நெட்வொர்க் கார்டுகளுக்கு, தீச்சுவர் திட்டங்கள் பயன்படுத்தும் ஃபிரீபி.எஸ்.டி.யில் ஓட்டுநிரல் செம்மையாக இருப்பதில்லை. வெளி இணைப்பின் வகையைக் கேட்கும் கேள்விக்கு விடை, கம்பி இழுத்துவந்தவரிடம்தான் இருக்கும். அவரைத் தேடிப் பிடிக்கவேண்டும். பழைய நான்கு எண் முகவரி முறையோடு, நீண்ட ஆறாம் பதிப்பு முகவரி முறையும் இப்போது வழக்கில் இருப்பதால், ஒரு முறைக்கு மட்டும் விதி எழுதிவிட்டு மற்றொன்றைத் திறந்து வைப்பதும் நேர்கிறது.

நிறுவி முடித்தபின் காவலன் விழித்திருக்கிறானா என்று எப்படி அறிவது? கார்டன் லயன் 1997இல் வெளியிட்ட என்-மேப் என்ற கட்டற்ற கருவி இதற்கு உதவும். தீச்சுவருக்கு வெளிப்பக்கத்தில் ஒரு கணினியை வைத்து, அதிலிருந்து உள்ளே உள்ள உங்கள் சொந்தக் கணினியின் வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லுங்கள். பிறருடைய கணினியில் அனுமதியின்றி இதைச் செய்யாதீர்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வீட்டு வாயிலுக்கே வந்துவிடலாம். விடை மூன்று வகையில் வரும். 'திறந்துள்ளது' என்றால் அங்கே ஒரு நிரல் காத்திருக்கிறது. 'மூடியுள்ளது' என்றால் கணினியே "இங்கே எவரும் இல்லை" என்று மறுமொழி தந்திருக்கிறது. 'வடிகட்டப்பட்டது' என்று வந்தால், நீங்கள் அனுப்பிய பொட்டலம் போனது. மறுமொழி எதுவும் திரும்பவில்லை. முதலில் தீச்சுவரை அணைத்து ஒருமுறையும், பிறகு இயக்கி ஒருமுறையும் சோதித்து, இரு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் பட்டியலில் 'திறந்துள்ளது' என்று மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அது ஏன் திறந்திருக்கவேண்டும் என்ற காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத முடியாத எண்ணை மூடிவிட்டு மீண்டும் சோதியுங்கள்.